மரத்தில் எழுப்பிய மேல்மாடி: வெள்ளவத்தையில் 6 ஆண்டுகள்

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு அருகே, எங்கள் பழைய வீட்டின் ஓட்டுக்கூரையைக் கழற்றிவிட்டு மரத்தால் ஒரு மேல்மாடி கட்டி 6 ஆண்டுகள் ஆகின்றன. அத்திவாரம் இன்னொரு கொங்கிரீட் தளத்தைத் தாங்காது என்று பொறியியலாளர் சொன்னதால்தான் இந்த வழிக்கு வந்தோம். கொங்கிரீட் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 2,400 கிலோகிராம். நாங்கள் போட்ட, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தாலான தட்டு 500 கூட வராது. பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கிப் பசையிட்டு அழுத்திய தட்டு, சீ.எல்.ரி. என்பார்கள்.

அம்மாவின் பயமெல்லாம் நெருப்புத்தான். தடித்த மரம் கருகும்போது மேலே படியும் கரியே உள்மரத்தைக் காக்கும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர்தான் கருகும் என்று விளக்கினேன். "விளக்கு எரிகிற வீடு, தம்பி" என்றார். சாமியறை கீழேயே இருக்கிறது.

எங்களைச் சோதித்தது தண்ணீர். நான்காம் ஆண்டு வைகாசி மழையில், சாப்பாட்டறைக்கு மேலே மரத்தில் உள்ளங்கை அளவுக் கறுப்பு. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். மேலே குளியலறையில், வடிகுழாயைச் சுற்றியிருந்த நீர்த்தடுப்புப் பூச்சு விட்டுப்போயிருந்தது. வழக்கமாக 15 சதவீதம் காட்டும் ஈரமானி 27 காட்டியது. 20ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்கு வழி திறக்கிறது. தரையோடுகளைப் பெயர்த்து, மின்விசிறி வைத்து இரண்டு மாதம் உலர்த்தினோம். உக்கிய பகுதியைத் தச்சர் வெட்டியெடுத்துப் புதுப் பலகை பதித்தார். அடிப்பக்கத்தை ஜிப்சம் பலகையால் மூடாமல் விட்டிருந்ததால்தான் அந்தக் கறுப்பு கண்ணில் பட்டது.

பிள்ளைகள் மேலே ஓடினால் கீழே அதிர்கிறது. இறப்பர் விரிப்பு ஓரளவுதான் குறைத்தது. பாரம் குறைந்தால் இப்படித்தான். 2019இல் நோர்வேயில் 85.4 மீற்றர் உயரத்துக்கு எழுந்த மியோஸ்டோர்னெட் மரக்கட்டடத்திலேயே, காற்றில் ஆடாதிருக்க மேல்மாடிகளுக்குக் கொங்கிரீட் தளம் போட்டார்கள். உப்புக்காற்றில் பல்கனி ஆணிகள் துருவேறின. துருப்பிடிக்காத உருக்குக்கு மாற்றினோம். கறையான் இதுவரை ஏறவில்லை. பொழுது சாய்ந்ததும் அறைகள் குளிர்ந்துவிடும் சுகத்தை, கொங்கிரீட் தளத்தின் கீழ் வியர்த்துப் படுத்தவர்கள் உடனே உணர்வார்கள்.

கொழும்பில் இப்படிப் பத்து மாடி கட்டினால் வாங்குவாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நெருப்பைப் பற்றி நான் கேட்கமாட்டேன். அடுக்குமாடியில் என் குளியலறையின் அடிப்பக்கம் இன்னொரு குடும்பத்தின் கூரை. ஆண்டுக்கொருமுறை அதைத் திறந்து ஈரம் பார்க்கும் உரிமை வீட்டு உறுதிப்பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் வாங்குவேன்.