கூடுவாஞ்சேரி பக்கம் மனை வாங்குபவர்கள் ரோட்டின் சர்வே எண்ணையும் பாருங்கள்

நந்திவரம் - கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், ஆதனூர் சுற்றுவட்டாரத்தில் மனை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குடும்பம் ஏமாற்றப்பட்ட விதத்தில் இன்னொருவர் ஏமாறக் கூடாது.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து இங்கே புரோக்கர்களின் பேச்சே மாறிவிட்டது. எந்த மனையைக் கேட்டாலும் "பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷம் சார்" என்கிறார்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர் இது. பேரூராட்சியாக இருந்து 2021-ல் நகராட்சியானது. ஜிஎஸ்டி ரோடு, மின்சார ரயில், பக்கத்தில் மறைமலை நகர் தொழிற்சாலைகள் என்று எல்லாம் சேர்ந்து சென்னையின் புறநகராகவே ஆகிவிட்டது. வயல்கள் மனைகளாகிவிட்டன, சரி. அந்த வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால்கள் எங்கே போயின என்று கேட்டால்தான் பதில் இல்லை.

எங்களுக்கு விற்கப்பட்டது ஒரு மறுவிற்பனை மனை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது பலருக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்பே வீட்டு மனையாகப் பத்திரம் பதிவானது என்றால் திரும்பப் பதிவு செய்ய வழி இருக்கிறது. இதை வைத்துத்தான் விளையாடுகிறார்கள். "பத்திரம் பதிவாகுது, அப்புறம் என்ன சார் பயம்" என்பார்கள். பதிவாவது வேறு, அங்கீகாரம் வேறு. வரன்முறைப்படுத்தாத, அதாவது பிறகாவது அரசிடம் பணம் கட்டி முறையான அனுமதி வாங்காத மனையில் வீடு கட்ட பிளான் அப்ரூவல் கிடைக்காது. எங்களிடம் லேஅவுட் முழுவதற்கும் வரன்முறைக்குப் பணம் கட்டிய ரசீதைக் காட்டி, ஆர்டர் வரும் வாரம் வந்துவிடும் என்றார்கள். வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா அசல், மூலப் பத்திரமும் சரியாக இருந்தது.

பிளானுக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நகராட்சி அலுவலகத்தில் சர்வே வரைபடத்தை மேசையில் விரித்து, பேனா முனையால் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார் அங்கிருந்தவர். இரண்டு இணைகோடுகள், நடுவில் தனி சர்வே எண், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் அரசின் அ பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு. நாங்கள் வண்டியில் போய் இறங்கிய, செம்மண் கொட்டி இரண்டு பக்கமும் வெள்ளைக் கல் நட்டிருந்த இருபதடி ரோடு அதுதான்! எங்கள் மனையில் குறையே இல்லை, ஆனால் மனைக்குப் போக வழியே இல்லை என்றாகிவிட்டது. நீர்நிலைப் புறம்போக்கை எந்தத் திட்டத்திலும் வரன்முறை செய்ய மாட்டார்கள்.

இதையெல்லாம் விட வயிறு எரியும் விஷயம் ஒன்று உண்டு. லேஅவுட்டின் விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம், எங்களுக்குப் பத்திரம் போடுவதற்கு முன்பே விற்றவர்கள் கைக்குப் போயிருக்கிறது. தேதியை நானே பார்த்தேன். தெரிந்தே விற்றிருக்கிறார்கள். இப்போது போன் எடுப்பதில்லை, ஆபீசும் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அதனால் உங்கள் மனையின் சர்வே எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் வில்லங்கச் சான்றும் பட்டாவும் மனையைப் பற்றித்தான் சொல்லும், ரோட்டைப் பற்றிச் சொல்லாது. மெயின் ரோட்டிலிருந்து உங்கள் மனை வாசல் வரை கால் வைக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் குறித்துக்கொண்டு, தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் புல வரைபடமும் அ பதிவேடும் எடுத்துப் பாருங்கள். லேஅவுட் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையென்றால் நாளைக்கு ரோடு, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எதற்கும் நகராட்சியிடம் நியாயம் கேட்க முடியாது. வரன்முறை என்று சொன்னால் ரசீதை ஏற்காதீர்கள், உத்தரவைக் கேளுங்கள், அதன் எண்ணை, உத்தரவு கொடுத்த அலுவலகத்திலேயே சரிபாருங்கள். அவர்கள் ஏற்பாடு செய்யும் வக்கீல் கருத்து வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் போங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை இடத்தைப் போய்ப் பாருங்கள், வாய்க்கால் எது என்று தண்ணீரே காட்டிவிடும்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம், சிவில் வழக்குக்கும் காகிதங்கள் தயாராகின்றன. இதே மாதிரி வாய்க்கால் மேல் ரோடு போட்ட லேஅவுட்டில் வாங்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து போனால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.