மூன்று மாதத்தில் ஆறு சென்ரிமீற்றர் வளர்ந்தேன்

எனக்கு 44 வயது. உடம்பைக் குறைத்துத் தருகிறோம் என்று யாழ்ப்பாணத்தில் நடத்தும் ஓர் இடத்துக்கு மூன்று மாதம் போய்வந்தேன். உடம்பு குறையவில்லை, உயரம் கூடியிருக்கிறது. இடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் சண்டைக்கு வருவார்கள், நின்று சண்டைபிடிக்க என் கையில் ஒழுங்கான பில் ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என் நிலைமை. போன தையிலிருந்து விடிய ஐந்தரைக்கு எழும்பி நல்லூர்க் கோயில் வீதியைச் சுற்றி நாற்பது நிமிடம் நடக்கிறேன். மத்தியானச் சோறு பாதியாகிவிட்டது. இரவில் குரக்கன் புட்டு, அதுவும் ஒரு கோப்பை. கொழும்பிலிருந்து வந்த தங்கச்சி கொண்டுவந்த கேக்கைக்கூடத் தொடவில்லை. ஐந்து மாதம் கழித்தும் தராசு 74 கிலோவிலேயே நின்றது. கூடப் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர், "உங்களுக்குத் தெரியாதா, அங்கே மெஷின் வைத்துப் பார்ப்பார்கள்" என்றார். மெஷின் என்றதும் மனம் இளகிவிட்டது.

வெறுங்காலோடு ஒரு தட்டில் ஏறி இரண்டு பிடிகளைக் கையில் பிடிக்கவேண்டும். அரை நிமிடத்தில் ஒரு சின்னத் துண்டு அச்சாகி வந்தது: எடை 74.2, கொழுப்பு 41.6 வீதம். அங்கே நின்ற தம்பி அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "அக்கா, இது கொஞ்சம் ஆபத்தான கட்டம்." மூன்று மாதத்துக்கு 48,000 ரூபாய். இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு பவுடர், காலையில் ஒரு 'மூலிகைக் குளிசை', வாரத்தில் இரண்டு நாள் இடுப்பில் சூட்டுப் பட்டி கட்டி வியர்க்கவைப்பது. சூட்டுப் பட்டியால் போவது தண்ணீர்தான், வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும் என்பது எனக்கே தெரியும். தெரிந்தும் கட்டிக்கொண்டு இருந்தேன், என்ன செய்வது.

ஆறு வாரத்தில் இரண்டாவது துண்டு. எடை 73.5. கொழுப்பு 39.9. "எடை குறையாதது தசை கூடுவதால் அக்கா. கொழுப்பு இறங்குது பாருங்கோ." நான் வீட்டுக்கு வந்து அந்தத் துண்டைச் சாமியறைக் கலண்டருக்குப் பக்கத்தில் குத்திவைத்தேன். அடுத்த நாளே 'இரண்டாம் கட்டம்' என்று இன்னும் 26,000 கட்டினேன். மூன்றாவது துண்டில் கொழுப்பு 38.4. ஆனால் சட்டைக் கொளுக்கி மட்டும் பழைய கொளுக்கியாகவே இருந்தது, மூச்சை உள்ளே இழுத்துத்தான் பூட்டவேண்டும்.

ஏமாற்றைக் கண்டுபிடித்தது என் மகன். ஓ.எல் படிக்கிறவன், எண்களைக் கண்டால் விடமாட்டான். மூன்று துண்டையும் வரிசையாக வைத்துவிட்டுக் கேட்டான்: "அம்மா, நீங்கள் வளர்ந்துவிட்டீர்களா?" முதல் துண்டில் உயரம் 156. இரண்டாவதில் 159. மூன்றாவதில் 162.

அந்த மெஷின் கொழுப்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. உடம்புக்குள்ளே மிகச் சின்ன மின்சாரம் ஒன்றை விடும். தண்ணீர் கூடிய தசை வழியே அது சுலபமாகப் போகும், கொழுப்பில் தடைப்படும். அந்தத் தடையை அளந்து, நாம் தட்டிக்கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதோடு சேர்த்து ஒரு கணக்குப் போட்டு வீதத்தைச் சொல்லும். உயரத்தைப் பொய்யாகக் கொடுத்தால் விடையும் பொய். கொக்குவிலில் சித்தி வீட்டில் இதே மாதிரிச் சின்ன மெஷின் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் 156 என்று போட்டு ஏறினேன். இறங்கி, 162 என்று போட்டு ஏறினேன். இடையில் இரண்டு நிமிடம்கூட இல்லை, கிட்டத்தட்ட மூன்று வீதம் கொழுப்பு காணாமல் போனது. அதில் 'விளையாட்டு வீரர்' என்று ஒரு தெரிவும் இருந்தது. மகன் அதையும் அமத்தினான், இன்னும் குறைந்தது. சித்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, 74,000 ரூபாய்.

திங்கட்கிழமை போய்க் கேட்டேன். "ரைப் பண்ணும்போது பிழைபட்டிருக்கும் அக்கா." பிழை என்றால் ஒரு தடவையாவது கீழே இறங்கியிருக்கவேண்டாமா? மூன்று மூன்றாக மேலேதான் போகுமா? காசைத் திருப்பிக் கேட்டதும் தம்பியின் 'அக்கா' நின்றுவிட்டது, 'மிஸ்' ஆகிவிட்டேன். பாவனையாளர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன். மறுபக்கத்தில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், பில் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இருந்தது கொப்பியில் கிழித்த ஒரு தாள்: 'பெற்றுக்கொண்டேன்', தொகை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. கடைப் பெயரும் இல்லை, பதிவிலக்கமும் இல்லை. காசு கட்டிய அன்று அதை நான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

காசைவிட எனக்குக் கோபம் வேறு ஒன்றில். அங்கே போகத் தொடங்கும்போதே எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பின்னேரம் ஆனால் எழும்ப முடியாத களைப்பு, மலச்சிக்கல். எல்லாவற்றையும் சொன்னேன். "நச்சு வெளியேறுது அக்கா, நல்ல அறிகுறி" என்றார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டொக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னார். தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டியதை மூன்று மாதம் 'நல்ல அறிகுறி' என்று சொல்லி வைத்திருந்திருக்கிறார்கள். இப்போது விடிய வெறுவயிற்றில் ஒரு குளிசை, அரை மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி.

அந்த மூலிகைக் குளிசை டப்பாவையும் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்தும் இல்லை. அதைக் குடித்த நாட்களில் நெஞ்சு படபடக்கும், வாய் காயும், நித்திரை வராது. உடனே நிறுத்தச் சொன்னார். சிபுட்ரமின் என்றொரு மருந்து, பசியை அடக்க ஒரு காலத்தில் கொடுத்தார்களாம். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் மூலிகை என்ற பெயரில் விற்கும் மெலிவுக் குளிசைகளில் அதைக் கலந்து பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது என்றார். லேபல் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள் என்று அவர் சொன்னபோது, இரண்டு பிள்ளை பெற்ற, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

சரி, தைரொயிட்தான் எல்லாவற்றுக்கும் காரணமோ என்றால் அதுவும் இல்லையாம். அதனால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் தண்ணீரும். "ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பீர்கள்?" என்று கேட்டார். ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. பத்துக் கரண்டி என்றால் ஐம்பது கிராம், கிட்டத்தட்ட 200 கலோரி. என் உடம்புக்கு நாற்பது நிமிட நடையில் எரிவதும் அவ்வளவுக்குக் கிட்டத்தான். நல்லூரைச் சுற்றி எரித்ததை ஸ்டாப் ரூமில் இருந்து திரும்பக் குடித்திருக்கிறேன். சோற்றை எண்ணினேன், குரக்கனை எண்ணினேன், தேத்தண்ணி எனக்குச் சாப்பாடாகவே தெரியவில்லை.

இப்போது மெஷின் பக்கம் போவதில்லை. தையல் பெட்டியில் கிடந்த நாடாவை எடுத்து மாதத்தில் ஒருநாள் இடுப்பைச் சுற்றி அளக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள். 97இல் தொடங்கி, இப்போது 94. இன்னும் தூரம் இருக்கிறது. மகன் குசினிக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு கீறிவைத்திருக்கிறான். பக்கத்தில் எழுதியிருக்கிறான்: அம்மா, 156.