கலர் மாறும் கார் ரேப் (wrap) ஒட்டப் போகிறீர்களா? பேப்பரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

சேலம் ஓமலூர் ரோடு பக்கம் ஒரு கடையில் என் வெள்ளை ஸ்விஃப்ட் காருக்குக் கலர் மாறும் ரேப், அதாவது பெயிண்டின் மேல் ஒட்டுகிற வினைல் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம், ஒட்டினேன். 68,000 ரூபாய் போனது, கூடவே கம்பெனி பெயிண்டும் போனது. கடைப் பெயர் இங்கே வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

ரேப்பே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஒட்டிய வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவிலும், வண்டி திரும்பத் திரும்ப பானட் நீலத்திலிருந்து பச்சைக்கும் ஊதாவுக்கும் போய் வந்தது. அப்பா அம்மாப்பேட்டையில் தறி நெய்தவர். "மயில்கழுத்துடா இது" என்றார். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இங்கே நூல் இல்லை. மெல்லிய படலங்களின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி கலந்து, பார்க்கிற கோணத்துக்கு ஒரு நிறம் காட்டுகிறது. மழை ரோட்டில் சிந்திய ஆயில் மினுங்குமே, அதேதான்.

ஏமாற்று நடந்தது ஃபிலிமில். வினைல் ஃபிலிமில் காஸ்ட், காலெண்டர்டு என்று இரண்டு வகை. காஸ்ட் என்பது தோசை மாவு மாதிரி திரவமாக ஊற்றிக் காயவைத்தது. ஊற்றின அளவிலேயே கிடக்கும். காலெண்டர்டு, சப்பாத்தி மாதிரி உருளைகளுக்கு நடுவில் இழுத்துத் தேய்த்தது. தேய்த்த சப்பாத்தி பின்னால் சுருங்கப் பார்க்கும் இல்லையா, சூடு பட்டால் இதுவும் அப்படித்தான். தட்டையான போர்டுக்கு அது போதும், பம்பர் வளைவுக்கு ஆகாது. என்னிடம் "காஸ்ட்தாண்ணா, அஞ்சு வருஷம் வாரண்டி" என்று சொல்லிக் காசை வாங்கிவிட்டு, இரண்டாவதை ஒட்டியிருக்கிறார்கள். ஃபோனில் பி.எம்.டபிள்யூ. கார் ஒன்று வெள்ளையிலிருந்து கறுப்பாக மாறும் வீடியோவைக் காட்டி, "இதே டெக்னாலஜிதான்" என்றும் சொன்னார்கள். அது 2022-ல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டிய ஐ.எக்ஸ். ஃப்ளோ. மின்புத்தகத் திரையில் இருக்கிற ஈ-இங்க், மின்சாரத்தில் மாறுவது. ஒட்டுகிற வினைலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிப்ரவரியில் ஒட்டியது, ஏப்ரல் வெயிலில் வண்டவாளம் வெளியே வந்தது. கதவுக் கைப்பிடிக் குழியில் ஃபிலிம் கொப்புளம் மாதிரி எழும்பி நின்றது. கதவு ஓரத்தில் உள்வாங்கி, நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. மே மாதம் அந்தக் கோடு என் சுண்டுவிரல் நகம் அகலம். கடைக்குப் போனால், "வெயில்ல நிறுத்துனா அப்படித்தாண்ணா" என்கிறார்கள். சேலத்தில் வெயிலில் நிறுத்தாமல் வண்டியை வேறு எங்கே நிறுத்துவது?

கொண்டலாம்பட்டியில் வேறொருவரிடம் கழற்றக் கொடுத்தேன். ஹீட் கன் வைத்து அவர் உரிக்க உரிக்கத் துண்டு துண்டாகத்தான் வந்தது, பசை முழுக்க வண்டியிலேயே தங்கிவிட்டது. "இங்க தடவிப் பாருங்கண்ணா" என்று என் விரலைப் பிடித்துக் கதவு ஓரத்தில் வைத்தார். பிளேடு இழுத்த கோடு, பெயிண்டுக்கு அடியில் இருக்கும் ப்ரைமர் பூச்சு வரைக்கும் இறங்கியிருந்தது. பெயிண்டின் மேல் பிளேடு படாமல் வெட்டவே நைஃப்லெஸ் டேப் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே இருக்கும் நூலை இழுத்தால் ஃபிலிம் அறும். அதை வாங்கக்கூட மனசில்லை அவர்களுக்கு. இடதுபக்க ஃபெண்டர் முன்பு ஒருமுறை ரீபெயிண்ட் ஆனது. அதில் ஃபிலிமோடு பெயிண்டும் பொளந்துகொண்டு வந்துவிட்டது. ரீபெயிண்ட் செய்த இடம் என்று ஒட்டும் முன்பே சொன்னேன், தலையைத்தான் ஆட்டினார்கள்.

பேப்பர் விஷயம் இதுதான். பெயர்பெற்ற கம்பெனிகள் ஃபிலிமை உரிக்கிற பேப்பரின் பின்பக்கத்தில் தங்கள் பெயரை அச்சடித்திருக்கும். என் டிக்கியில் கிடந்த துண்டில் வெறும் வெள்ளை. ரோலை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒட்டி முடித்ததும், பின்னால் எழும்பாமல் இருக்க, குழிகளையும் ஓரங்களையும் 90 டிகிரிக்கு மேல் சூடாக்குவீர்களா, எதை வைத்து அளப்பீர்கள் என்று கேளுங்கள். என் வண்டியை இரண்டே நாளில் கொடுத்தார்கள், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் பில். "ஜி.எஸ்.டி. போட்டா 18 பர்சென்ட் கூடும்ணா" என்றார்கள், சரி என்று துண்டுச்சீட்டை வாங்கி வந்தேன். அதில் ஃபிலிமின் பெயரும் இல்லை, வாரண்டியும் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உட்கார்ந்தபோது கையில் இருந்தது அந்தச் சீட்டும், ஜி-பே ரசீதும், வாட்ஸ்அப்பில் அவர்கள் "காஸ்ட்" என்று எழுதிய ஒரு வரியும்தான். அந்த வரியை வைத்துத்தான் புகார் எழுதுகிறேன்.

ஆர்.சி.யில் வண்டி நிறம் எழுதியிருக்கும். "ஒட்டுறதுதானே, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்கள். ஏற்காடு அடிவாரத்தில் வண்டியைச் சோதித்தவர்கள் கேட்டார்கள். முழு வண்டியும் நிறம் மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துவிடுங்கள்.

பசை எடுக்கவே மூன்று நாள் ஆனது. ஃபெண்டரும் இரண்டு கதவும் இன்னும் டிங்கரிங் பட்டறையில் நிற்கின்றன. கதவைத் திறந்து அந்தப் பிளேடு கோட்டைப் பார்த்த அப்பா, பட்டில் இழை அறுந்தால் தடவுவது மாதிரி கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை.