ஐ.நா. மின் நூலகம்: நிறவெறிக் கால ஆவணங்களைத் தேடுவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை உலக நாடுகள் எப்படி எதிர்கொண்டன என்பதை மூல ஆவணங்களிலேயே படிக்க விரும்புவோருக்கு ஐ.நா. மின் நூலகத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நேராகத் தீர்மானங்களுக்குள் மட்டும் போய்விட்டு வந்தால் பாதி வரலாறு கையை விட்டுப் போய்விடும்.

முதலில் தேடும் முறை. நிறவெறியைக் குறிக்கும் ‘அபார்ட்தைட்’ (apartheid) என்று மட்டும் போட்டால் ஆவணங்கள் குவியும், வேண்டியது சிக்காது. ஆவணக் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். ‘ஏ’ (A) என்றால் பொதுச்சபை, ‘எஸ்’ (S) என்றால் பாதுகாப்பு கவுன்சில், ‘ஆர்இஎஸ்’ (RES) தீர்மானம், ‘பிவி’ (PV) கூட்டத்தின் பேச்சுப் பதிவு. 1976க்கு முந்தைய பொதுச்சபைத் தீர்மானங்களில் எண்ணை ஒட்டி அடைப்புக்குறிக்குள் கூட்டத்தொடரின் எண் ரோமன் எழுத்தில் வரும்; பலரும் இதை விட்டுவிட்டுத் தேடி ஏமாறுகிறார்கள். 1976 முதல் கூட்டத்தொடர் எண் முன்னால் வந்துவிடும். அந்த ஆண்டு, நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய டிரான்ஸ்கே பகுதியின் ‘சுதந்திர’த்தை நிராகரித்த தீர்மானம் 31/6 ஏ. கடைசியில் உள்ள ‘ஏ’வை விடக்கூடாது, ஒரே எண்ணின்கீழ் பல பகுதிகள் உண்டு.

தொடங்க வேண்டிய இடம் 1946 டிசம்பரில் பொதுச்சபையில் நிறைவேறிய 44ஆம் எண் தீர்மானம். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்பட்ட விதத்தை இந்தியா எழுப்பியது; விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான குழு போராடி, 32க்கு 15 என்று வென்றது. ‘இது எங்கள் உள்நாட்டு விவகாரம்’ என்ற தென்னாப்பிரிக்க அரசின் வாதத்துக்கு விழுந்த முதல் அடி அது. அந்தக் காலப் பக்கங்களில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இரு பத்திகளாக அருகருகே அச்சாகியிருப்பதால், வரிகளை நகலெடுத்தால் இரண்டும் கலந்துவிடும். கையால் எழுதிக்கொள்வதே மேல்.

நூலகத்தின் பெரிய பலம் வாக்குப் பதிவுகள். எந்த நாடு ஆதரித்தது, எது எதிர்த்தது, எது விலகி நின்றது என்று பெயர் பெயராகப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவோடு தூதரக உறவைத் துண்டிக்கவும் அதன் கப்பல்களுக்குத் துறைமுகங்களை மூடவும் 1962இல் பொதுச்சபை கேட்டுக்கொண்ட 1761ஆம் தீர்மானத்துக்கு ஆதரவு 67, எதிர்ப்பு 16, விலகியவை 23. தென்னாப்பிரிக்காவோடு வணிகம் செய்த பெரிய நாடுகள் எந்தப் பக்கம் நின்றன என்று தேடிப் பாருங்கள், மனம் கனக்கும்.

இனி அந்தப் பாதி வரலாறு. பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தர உறுப்பு நாடுகளுக்குள்ள தடுப்பதிகாரமான வீட்டோவில் செத்த வரைவுகள் தீர்மானப் பட்டியலில் இருக்காது. 1974 அக்டோபர் 30 அன்று தென்னாப்பிரிக்காவை ஐ.நா.விலிருந்தே வெளியேற்றும் வரைவுக்கு பாதுகாப்பு கவுன்சிலில் 10 வாக்குகள் கிடைத்தன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து தடுத்தன. தீர்மானங்களை மட்டும் புரட்டுபவருக்கு அப்படியொரு நாளே தெரியவராது. 1808ஆவது கூட்டத்தின் ‘பிவி’ பதிவைத் திறந்தால் ஒவ்வொரு தூதரும் சொன்ன காரணம் வரி வரியாக இருக்கிறது. நூலகத்தாரே வீட்டோ பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

படிக்கும்போது வினைச்சொற்களில் கண் வையுங்கள். பாதுகாப்பு கவுன்சிலின் 1963ஆம் ஆண்டு 181ஆம் தீர்மானம் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்க வேண்டாம் என்று நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். நிறவெறியை எதிர்த்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பீக்கோ காவலில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1977 நவம்பர் 4 அன்று வந்த 418ஆம் தீர்மானம் அப்படிக் கேட்கவில்லை, கட்டளையிடுகிறது. உறுப்பு நாடு ஒன்றின்மீது ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின்கீழ் விதிக்கப்பட்ட முதல் கட்டாய ஆயுதத் தடை அது. ஆனால் மூன்றாம் பத்திக்கு வாருங்கள்: ஏற்கெனவே கொடுத்த உற்பத்தி உரிமங்களை, முடித்துக்கொள்ளும் நோக்கில் ‘மறுபரிசீலனை’ செய்யும்படிதான் அது சொல்கிறது. புதிய ஆயுதம் அனுப்பத் தடை. ஆயுதத்தை அங்கேயே செய்துகொள்ளும் உரிமத்துக்கோ அவகாசம். தென்னாப்பிரிக்காவில் தயாரான ஆயுதங்களை வாங்காதீர்கள் என்று கேட்க 1984 டிசம்பர்வரை ஆனது. அது 558ஆம் தீர்மானம். தடையை நீக்கிய 919ஆம் தீர்மானத்தின் தேதி 1994 மே 25. இந்த நான்கையும் ஒரே மேசையில் விரித்து, ஒரே அமர்வில் படிக்க வேண்டும்.