டென்னிஸ் எல்போவுக்கு எந்தக் கேள்வித்தாள்: டாஷா, பி.ஆர்.டி.இ.இ.யா?

டென்னிஸ் எல்போ என்பது முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாரில் வரும் வலி. டாஷ் (DASH), பி.ஆர்.டி.இ.இ. (PRTEE) இரண்டும் நோயாளியே நிரப்பும் கேள்வித்தாள்கள். தோள் முதல் விரல் வரை கை எப்படி இயங்குகிறது என்று ஒட்டுமொத்தமாக அளக்க 1996-ல் வந்தது டாஷ். 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கடைசியில் 0 முதல் 100 வரை ஓர் எண். எண் கூடினால் சிரமம் அதிகம். குறைந்தது 27 கேள்விகளுக்காவது பதில் இருக்க வேண்டும். நேரம் இல்லையென்றால் அதன் சுருக்க வடிவமாக 11 கேள்விகளோடு குவிக்டாஷ் இருக்கிறது.

டாஷ் 'எந்தக் கையால் செய்தீர்கள்' என்று பார்ப்பதில்லை. வேலை முடிந்ததா என்றுதான் பார்க்கிறது. வலது முழங்கை வலிக்கிறவர் இடது கையால் சாவியைத் திருப்பிவிட்டால், 'சிரமமில்லை' என்று குறித்துவிடலாம். அன்றாட வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று அறிய இது சரிதான். முழங்கை எப்படி இருக்கிறது என்பது மட்டும் அதில் மறைந்துபோகும்.

பி.ஆர்.டி.இ.இ. டென்னிஸ் எல்போவுக்கென்றே உள்ளது; வலிக்கும் கையைப் பற்றியே கேட்கிறது. மொத்தம் 15 கேள்விகள்: வலிக்கு ஐந்து, செயலுக்குப் பத்து, ஒவ்வொன்றும் 0 முதல் 10 வரை. செயலின் கூட்டுத்தொகையைப் பாதியாக்கி வலியோடு சேர்ப்பதால் மொத்தம் 100. ஈரத்துண்டைப் பிழிவது, பையைக் கைப்பிடியில் தூக்குவது, நிறைந்த கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவது என இவையெல்லாம் முழங்கையின் அந்தத் தசைநாரை இழுக்கும் வேலைகள்.

டென்னிஸ் எல்போ என்று உறுதியானவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க நான் பி.ஆர்.டி.இ.இ.யைத்தான் எடுப்பேன். தோளிலும் வலி, விரலிலும் மரமரப்பு என்று வருபவருக்கு டாஷ். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே கொடுங்கள். இரண்டும் 100-க்குத்தான் என்றாலும் ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிட முடியாது.