உப்புவெளியில் ரீச்சரின் விடுதி: மூன்று இரவுக் கணக்கு

விடுதியின் பெயரை எழுத வேண்டாம் என்று ரீச்சர் கேட்டுக்கொண்டார். ஏன் என்பது கீழே வரும். இடம் சொல்லலாம். திருகோணமலை டவுனிலிருந்து நிலாவெளி றோட்டில் வர, அலஸ் தோட்டத்துப் பக்கம் கடலுக்கு இறங்கும் மணல் ஒழுங்கைகளில் ஒன்று. வாசலில் போர்ட் கிடையாது. முற்றத்தில் இரண்டு வேம்பு, ஐந்து அறை. ஓட்டோக்காரரிடம் "ரீச்சர் வீடு" என்றால் போதும்.

நான் பிறந்தது டவுனில், டச்பே கடற்கரைக்குப் பின்னால் இருக்கிற தெருவொன்றில். இப்போது இருபத்தெட்டு வருசமாக ஒஸ்லோவில், ஆஸ்பத்திரிகளிலும் நீதிமன்றங்களிலும் தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்க்கிற வேலை. அம்மா போன பிறகு வீட்டை விற்றாயிற்று. ஆகவே இந்த ஓகஸ்டில்தான் சொந்த ஊரில் முதல்முறையாகக் காசு குடுத்துத் தங்கினேன். அந்தக் கோபம் என் புள்ளிகளில் கொஞ்சம் கலந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் தொடங்குகிறேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடிய ஆறரைக்குக் கரைவலை இழுக்கிற இடத்துக்கு ரீச்சர் தானே போய் நிற்கிறார். அன்று என்ன விழுந்ததோ அதுதான் மத்தியானச் சாப்பாடு. முதல்நாள் பாரை. கொறுக்காப்புளி போட்டு, தேங்காய்ப்பால் கடைசியில் விட்டு, மண்சட்டியோடு மேசைக்கு வந்தது. சட்டியின் விளிம்பில் குழம்பு கொதித்துக் காய்ந்த கறுப்பு வளையம் ஒன்று இருக்குமே, அதைச் சோற்றால் துடைத்துத் தின்றேன், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று. இரவுக்கு இடியப்பம், சொதி, கணவாய்ப் பிரட்டல். கணவாயை ரப்பராக விடாமல் இறக்குவதற்குக் கை வேண்டும். மூன்றாம் நாள் மட்டி கிடைத்தது, அதைப் பற்றி எழுதப் போனால் இந்தப் பக்கம் காணாது.

அறை? மின்விசிறி அறை 6,500, ஏசி 9,500. துப்புரவு நல்லது. தலையணை கல். குளியலறைக் கொளுக்கி இரண்டாம் அறையில் பொருந்தாது, வாளியை அண்டக் குடுத்துத்தான் குளித்தேன். தண்ணீர் உவர், சவர்க்காரம் நுரைக்காது, தலை முழுகினால் முடி நாராகும். வைஃபை முற்றத்து வேம்படி மட்டும். இரண்டு வளவு தள்ளி இருக்கிற பீச் பாரின் சவுண்ட் இரவு பதினொன்று வரை நெஞ்சில் இடிக்கிறது. அதுக்கு ரீச்சர் பொறுப்பில்லை.

அந்த வேம்படியில் ஒரு சீமெந்து மேசை இருக்கிறது. இந்த விடுதியின் பெரிய வசதியும் பெரிய தொல்லையும் அதுதான். பொழுதுபட்டால் தங்கியிருக்கிற எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள், ஏனென்றால் வைஃபை அங்கேதான். நான் இருந்த நாட்களில் ஆட்கள் இவர்கள்: சூரிச்சில் ஹோட்டல் குசினியில் முப்பது வருசம் நின்ற ஒரு அண்ணை, ஸ்கார்பரோவிலிருந்து வந்த, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி, ஒவ்வொரு சீசனுக்கும் மூன்று மாதம் வந்து கிடக்கிற எழுபது தாண்டிய ஹொலண்ட்காரர். இந்த மனிதர் இதுக்கு முதல் பதினொரு வருசம் தாய்லாந்தில், பட்டாயாவில் இருந்தவர். ரீச்சர் மது விற்பதில்லை. நடுவில் ஒருநாள் பௌர்ணமிப் போயா, சாராயக் கடைகள் பூட்டு. சுவிஸ் அண்ணை முதல்நாளே இரண்டு போத்தல் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். அந்த இரவுதான் கதை சூடு பிடித்தது.

தொடக்கி வைத்தது ஒழுங்கை முனையில் புதிதாக வந்த ஒரு ஸ்பா போர்ட். ரோஸ் நிற விளக்கு, கண்ணாடியில் கறுப்பு ஸ்ரிக்கர். பேச்சு நேரே விபசாரத்துக்குப் போய்விட்டது.

"போன முறை வரேக்க இது இல்லை," என்றார் சுவிஸ் அண்ணை. "இஞ்ச எல்லாத்தையும் ஒளிச்சு வைக்கப் பாக்கினம், அதுதான் பிழை. சூரிச்சில 2013இல மாநகரசபையே அந்தத் தொழிலுக்கெண்டு, காரை உள்ளுக்கு விடுறமாதிரிக் கொட்டில் கொட்டிலாக் கட்டிக் குடுத்தது. உள்ளுக்கு அவசர மணி இருக்கு. உதவிக்கு ஆக்கள் நிக்கினம். நடுத்தெருவில நிண்ட சனம் அங்க போட்டுது."

கனடாத் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கட பக்கம் 2014இல சட்டத்தை மாத்திட்டாங்கள் அண்ணை. விக்கிறவளைப் பிடிக்கிறேல்ல, வாங்கிறவனைத்தான்."

ஹொலண்ட்காரருக்கு நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். லீவிலும் அதே வேலை. தன் நாட்டில் 2000ஆம் ஆண்டு விபசார விடுதிகளைச் சட்டப்படி அனுமதித்ததையும், அதுக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை என்பதையும் சொன்னார். பிறகு பட்டாயா. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வந்து இறங்குமட்டும் அது மீன்பிடிக் கிராமம். தாய்லாந்தில் 1960இலேயே தடைச் சட்டம் வந்தது, 1996இல் அதை மாற்றி வேறு சட்டம் போட்டார்கள், இரண்டிலும் இந்தத் தொழில் குற்றம்தான். "சட்டப்படி இல்லாத ஒரு தொழிலின் விளக்கு வெளிச்சத்தில் நான் இரவில் தெருவில் நின்று பேப்பர் வாசித்திருக்கிறேன்," என்றார். எப்போதாவது பொலிஸ் வரும், படம் எடுக்கும், போகும், விளக்கு திரும்ப எரியும். உப்புவெளியும் அப்படிப் போகும் என்று அவருக்குக் கவலை. பதினொரு வருசம் அங்கே நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"இது எங்கட ஊர்ப் பழக்கமில்லை," என்றார் சுவிஸ் அண்ணை. "எல்லாம் வெளியூர்ப் பெட்டையள் வந்துதான்."

இந்த இடத்தில் எனக்கு அம்மம்மா ஞாபகம். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. கப்பல் வந்த இரவுகளில் எங்கள் தெருவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார்களாம். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, கப்பல்காரரிடம் போனவ என்று தெருக்கோடியில் ஒரு ஆச்சியைக் காட்டுவார்கள். அந்த ஆச்சி கிண்டுகிற தொதல் தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் காசுக்குப் போகும். ஆனால் அவ வீட்டில் ஒருவரும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ஆச்சி வெளியூர் இல்லை. எங்கள் தெரு.

இதைச் சொல்ல வாயெடுக்கமுதல், இடியப்பத் தட்டோடு வந்த ரீச்சர் நின்றார். "பெட்டைகள் எந்த ஊர் எண்டு எல்லாருக்கும் தெரியுது. வாற ஆம்பிளைகள் எந்த ஊர் எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியிறதில்ல." தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். பேப்பரில் நான் வாசிக்கிற சுற்றிவளைப்புச் செய்திகளும் இப்படித்தான். 24, 31 என்று பெண்களின் வயது வரும், ஊர் வரும். காசு குடுக்க வந்தவனுக்கு வயதும் இல்லை ஊரும் இல்லை.

நான் நோர்வே விசயத்தைச் சொன்னேன். 2009 ஜனவரியிலிருந்து அங்கே வாங்குவது குற்றம். அதோடு, நோர்வேக்காரர் வெளிநாட்டில் போய் வாங்கினாலும் குற்றம்தான். பாஸ்போட்டோடு சேர்ந்து சட்டமும் பிளேனில் ஏறி வரும்.

"அப்ப நல்ல காலம், நான் கனடா," என்றான் தம்பி, சிரித்துக்கொண்டு. பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டவன் மாதிரி போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். மேசையில் கொஞ்ச நேரம் பீச் பாரின் சத்தம் மட்டும்.

நாங்கள் நான்கு பேரும் நான்கு நாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து மேசையில் பரப்பியாயிற்று. இந்த நாட்டுச் சட்டம் என்ன என்று நாலு பேரில் ஒருவருக்கும் ஒழுங்காகத் தெரியாது. ரீச்சருக்குத் தெரியும். விடுதி தொடங்கமுதல் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்தநாள் காலை, பிட்டுக்குத் தேங்காய் திருவியபடி, வகுப்பு எடுப்பது போலச் சொன்னார். 1841ஆம் ஆண்டின் வேகரன்ட்ஸ் கட்டளைச் சட்டம், தெருவில் அலைகிறவர்களைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்டது. தெருவில் நின்று ஆள் கூப்பிடுவது அதில் குற்றம். 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டத்தில், அப்படி ஒரு வீட்டை நடத்துவதும், தெரிந்துகொண்டு இடம் குடுப்பதும் குற்றம். ஆள் பிடித்துக் குடுப்பது தண்டனைச் சட்டக்கோவையில் வரும். 1995இல் சிறுவர்கள் தொடர்பான பிரிவுகளை இறுக்கினார்கள். "உடம்பை விக்கிறது குற்றம் எண்டு நேரடியா ஒரு வரி இல்ல. ஆனா குற்றவாளிக் கூட்டில ஏறுறது அவள்தான். இடம் குடுத்தா நானும் ஏறவேணும். அதாலதான் இந்தக் கொப்பி."

கொப்பியைப் பற்றி எழுதாவிட்டால் இந்த விமர்சனம் வீண். சாதாரண சி.ஆர். கொப்பி, மட்டைக்குப் பிரவுண் பேப்பர் உறை, பள்ளிக்கூடத்துப் பழக்கம். சிவப்புப் பேனையால் கோடு போட்டு ஆறு நிரல்: பெயர், அடையாள அட்டை அல்லது பாஸ்போட் இலக்கம், வயது, வந்த நேரம், போன நேரம், வந்த காரணம். சோடியாக வந்தால் இரண்டு பேரின் பெயரும், ஒருவருடையது மட்டும் இல்லை. பதினெட்டுக்குக் கீழே என்றால், தாய் தகப்பன் இல்லாமல் அறை கிடையாது. மணித்தியாலக் கணக்குக் கிடையாது, அரை மணித்தியாலம் இருந்தாலும் முழு இரவுக் காசு.

இரண்டாம் நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஒரு சோடி வந்தது. இருபத்திரண்டு, இருபத்திமூன்று இருக்கும். பெண்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வேறு மூன்று இடத்தில் கலியாணச் சான்றிதழ் கேட்டுத் திருப்பிவிட்டார்களாம். ரீச்சர் அதைக் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் ஐடி தாங்க. மகள், ஹெல்மெட்டைக் கழட்டுங்க, இங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க." எழுதினார், இரண்டு துவாய் குடுத்தார், இரவுக்கு மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். வெள்ளைக்காரச் சோடியிடம் கேட்காத சான்றிதழை எங்கள் பிள்ளைகளிடம் கேட்பதுதான் இந்தக் கரையில் பரவலான வழக்கம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன், தலையணை இல்லாவிட்டால்.

சுவிஸ் அண்ணைக்குத்தான் பொறுக்கவில்லை. "ரீச்சர், இதுகளை விடுறது சரியே?" என்றார். சூரிச்சில் கொட்டில் கட்டியதை மெச்சிய அதே அண்ணை.

அன்றிரவு பத்தேமுக்காலுக்கு இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். வழக்கமான பார்வைதானாம். ரீச்சர் பிளேன் டீயும் கொப்பியும் குடுத்தார். பெரியவர் விரலை ஓட்டிக்கொண்டு போய் ஒரு வரியில் நிறுத்தினார். அந்தச் சோடி என்று நினைத்து எனக்கு நெஞ்சு அடித்தது. இல்லை.

"இரண்டாம் நம்பர். தனியப் பொம்பிளை. என்னத்துக்கு வந்திருக்கிறா?"

இரண்டாம் நம்பர் நான். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, நைட்டிக்கு மேலே துவாய், வேம்படியில் மகளுக்கு மெசேஜ் அடித்துக்கொண்டிருக்கிறேன். மேசையில் இருந்த மூன்று ஆண்களும் தனித்தனியாகத்தான் வந்தவர்கள். அவர்களின் வரியில் விரல் நிற்கவில்லை.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி நிரலைக் காட்டினார். எல்லா வரியிலும் ஒரே சொல்தான், அவருடைய கையெழுத்தில்: கடல். கடல். கடல். "எழுதியிருக்கு, பாருங்க ஐயா."

அவர் பார்த்தார், டீயைக் குடித்தார், போனார்கள். என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. நீதிமன்றங்களில் எத்தனை பெண்களுக்காக "நான் ஏன் அங்கே நின்றேன்" என்பதை நோர்வேஜிய மொழிக்கு மாற்றியிருப்பேன். அந்தக் கேள்வி எனக்கே வந்தபோது எந்த மொழியிலும் ஒரு வார்த்தை வரவில்லை. அதுக்குப் பிறகு மேசையிலும் ஒருவருக்கும் வாய் திறபடவில்லை. சுவிஸ் அண்ணை போத்தலில் மிஞ்சியதை மூடியால் இறுக்கிக்கொண்டு, "குட் நைட் தங்கச்சி" என்றார். அதுவரை என்னை மேடம் என்றவர்.

பெயர் போடாததன் காரணம் இதுதான். இரண்டு வருசத்துக்கு முன் யாரோ ஒருவர் நல்ல மனதோடு எழுதினாராம், "தனிமைக்கு ஏற்ற இடம், தேவையில்லாத கேள்வி கேட்கமாட்டார்கள்" என்று. அதுக்குப் பிறகு மூன்று மாதம் ரீச்சருக்கு நடுச்சாமத்தில் போன், மணித்தியாலத்துக்கு எவ்வளவு, ஆள் நீங்களே தருவீர்களா என்று. நம்பரை மாற்ற வேண்டி வந்தது.

ஆகவே திருத்தமாக எழுதுகிறேன்: இங்கே கேள்வி கேட்பார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்வி.

போகிறவர்களுக்கு: ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை கடல் படுத்திருக்கும், நவம்பரில் மழை தொடங்கினால் ரீச்சர் பூட்டிவிட்டு மகளிடம் போய்விடுவார். புறாமலைத் தீவுக்குப் போக விரும்பினால் நிலாவெளியிலிருந்து விடியவே படகு எடுங்கள், பத்து மணிக்குப் பிறகு சனம் நெருக்கும். மூன்றாம் அறையைக் கேளுங்கள், கொளுக்கி பொருந்தும். மீன் வேண்டுமென்றால் முதல்நாள் இரவே சொல்லுங்கள். தலையணையை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.