நாற்பது சென்டிமீட்டருக்குள் அடங்கும் சைக்கிள்

சிங்கப்பூரின் ஈசூனில் வீடு, ஜூரோங் கிழக்கில் வேலை. வடக்கு-தெற்குப் பாதையில் ரயில் ஏறினால் மாறாமல் போய்விடலாம். தொல்லை இரண்டு முனைகளிலும்தான். வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒரு பஸ், இறங்கியதும் அலுவலகத்துக்கு இன்னொரு பஸ். சைக்கிள் வாங்குவது என்று தீர்மானித்த பிறகும் எந்தச் சைக்கிள் என்று இரண்டு மாதம் அல்லாடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கியது மடக்கு சைக்கிள். ஆகவே என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

முழு அளவு சைக்கிளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஓட்டும் சுகத்தில் அதற்கு ஈடில்லை. ரயிலில் ஏற்ற முடியாது, அவ்வளவுதான். என் நண்பர் ஒருவர் பழைய சைக்கிள்கள் இரண்டை வாங்கி, ஏறும் நிலையத்தில் ஒன்றும் இறங்கும் நிலையத்தில் ஒன்றுமாகப் பூட்டி வைத்திருக்கிறார். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். கணக்குப் போட்டால் அவர்தான் கெட்டிக்காரர்.

மின்சைக்கிள் மேல் எனக்கு ஆசை இருந்தது. ஆனால் சிங்கப்பூரில் அதற்கு எல்லாவற்றிலும் அளவு உண்டு: எடை 20 கிலோ, அகலம் 70 சென்டிமீட்டர், மோட்டார் 250 வாட். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் கைவிட்டுவிட வேண்டும். மிதித்தால்தான் உதவும், கைப்பிடியைத் திருகி ஓட்டும் வகைக்கு அனுமதியில்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்து எண் பலகை மாட்ட வேண்டும். 2022 முதல் ஓட்டுபவர் எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடைபாதையில் ஓட்டக்கூடாது என்பதுதான் என்னைத் தடுத்தது. சாதாரண சைக்கிள் என்றால், நடப்போருக்கென்றே ஒதுக்கிய பாதைகள் தவிர மற்ற நடைபாதைகளில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மிகாமல் போகலாம். என் அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்கியதும் முதல் முந்நூறு மீட்டர் நடைபாதைதான். தேர்வில் தேறி, நண்பரின் வண்டியை இரண்டு வார இறுதிகளில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. பேட்டரி எத்தனை வருடம் தாங்கும், விற்கும்போது என்ன விலை போகும் என்பதை அதை வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இனி மடக்கு சைக்கிள். மடித்த நிலையில் நீளம் 120, உயரம் 70, அகலம் 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றலாம். 2016 டிசம்பருக்கு முன் நெரிசல் நேரத்தில் ஏற்ற முடியாது. இப்போது அந்தத் தடையும் இல்லை. மூன்று எண்களில் 120 ஒரு பொருட்டே இல்லை. இருக்கைத் தண்டை முழுவதும் இறக்கினால் 70-க்குள்ளும் வந்துவிடும். உயிரை வாங்குவது அந்த 40.

கடைக்காரர் அளந்து காட்டியபோது சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து மறு சக்கரத்தின் வெளிவிளிம்பு வரைதான் நாடாவைப் பிடித்தார். 36 வந்தது. 380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சுவரோரம் நிறுத்தி நானே அளந்தேன். வலப்பக்கப் பெடல் கட்டைவிரல் போல நீட்டிக்கொண்டிருந்தது. அதோடு சேர்த்தால் 43. மடங்கும் பெடல் ஜோடி ஒன்று வாங்கி மாட்டிய பிறகுதான் 39-க்கு இறங்கியது. (இடப்பெடலின் மரை எதிர்த்திசை. தெரியாமல் வழக்கம்போலத் திருகி, கழற்றுவதற்குப் பதில் இறுக்கிக்கொண்டே இருந்தேன்.)

கைப்பிடித் தண்டையும் கவனியுங்கள். சில வண்டிகளில் அது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே மடங்குகிறது, சிலவற்றில் வெளிப்பக்கமாக. வெளியே மடங்கும் வகையில் பிரேக் பிடி துருத்திக்கொண்டு நிற்கும். நாடாவை அங்கிருந்து பிடிக்க வேண்டும்.

இந்த 40-ஐ நினைத்துத்தான் பலர் 16 அங்குலச் சக்கரத்துக்குப் போகிறார்கள். மடிப்பு கச்சிதம், கவலையே இல்லை. கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டியபோது கைப்பிடி எனக்குச் சற்றுத் துடுக்காகப் பட்டது. ஒரு சுற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் 20 அங்குலத்தையே எடுத்தேன், நடைபாதை விளிம்புகளில் ஏறி இறங்கும்போது முதுகுக்கு இதம்.

நிலையத்துக்குள் நுழைந்தால் வெளியேறும்வரை மடித்தே வைத்திருக்க வேண்டும். என்னுடையது 12 கிலோ. அதனால் மடித்தபடி உருட்ட முடிகிறதா என்பதைக் கடையிலேயே உருட்டிப் பாருங்கள். காலை எட்டு மணி ரயிலில் அனுமதி இருந்தாலும் இடம் இருக்காது. நான் ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறேன். நடு மூட்டு பதினான்கு மாதமாக ஆடாமல் இருக்கிறது. ஐந்து வருடத்தில் எப்படியோ.

தேக்கா சந்தையிலிருந்து காய்கறி கொண்டுவரப் பின்னால் ஒரு கம்பிக்கூடை மாட்டச் சொல்லி மனைவி வாங்கிக் கொடுத்தார். மாட்டி, மடித்து, நாடாவைப் பிடித்தேன். 42. கூடை பழையபடி பெட்டிக்குள் போய்விட்டது.